படம் வருவது வேறு, கார்டு வேலை செய்வது வேறு

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில்களில் கூடிய கூட்டம் கலைந்த கையோடு திருநெல்வேலிச் சீமையில் கொடைக் காலம் களைகட்டிவிடும். சித்திரை, வைகாசி, ஆடி என்று சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் ஊருக்கு ஊர் கொடை. இப்போதெல்லாம் நோட்டீஸில் வில்லிசைக் குழுவின் பெயருக்குக் கீழே 'யூடியூபில் நேரலை' என்று ஒரு வரியும் சேர்ந்து அச்சாகிறது. மும்பைக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போனவர்கள் சாமக்கொடையைக் கைபேசியில் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த நேரலை, உடுக்கை உச்சத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்துத் திக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் 'நெட் சரியில்லை' என்று எழுதுவார்கள். கேமராவுக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரும் அதையே நம்பி டாங்கிளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார். கிராமத்தில் சிக்னல் மோசம் என்பது உண்மைதான். ஆனால் பழி முழுவதும் நெட் மேல் விழும் இடங்களில், கணிசமான நேரம் கோளாறு மடியிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது. அதன் வேலையைப் பிராசஸர் இழுத்துப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்குகிறது. திரையில் படம் தெளிவாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

டிரைவர் என்பது கார்டையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருள். அது கெட்டால் திரை கறுத்துவிடும், கோடு கோடாக ஓடும், நீலத்திரை வந்து நிற்கும் என்பது பழைய அனுபவம். இன்றைக்கு டிரைவர் கெட்டாலும் கணினி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் 'டிரைவர் சரியாக இருக்கிறதா' என்று பார்ப்பது முன்பைவிடக் கொஞ்சம் தந்திரமான வேலையாகிவிட்டது.

டிரைவர் இல்லாமலே படம் வருவது எப்படி

பவர் பொத்தானை அழுத்தியதும், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, மதர்போர்டு கம்பெனியின் சின்னம் திரையில் வருகிறது. அந்த நேரத்தில் எந்த டிரைவரும் ஏறியிருக்காது. கார்டுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் சிறிய நிரல் ஒன்று 'இந்த நினைவகப் பகுதியில் புள்ளிகளை எழுது, நான் திரையில் காட்டுகிறேன்' என்கிற அளவுக்கு மட்டும் வழிசெய்து கொடுக்கிறது. கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரல் பயாஸாக இருந்த காலத்தில் இது வெசா அமைப்பு வகுத்த முறையில் நடந்தது. பயாஸின் இடத்துக்கு யூஈஎஃப்ஐ வந்துவிட்ட இப்போது ஜிஓபி என்ற முறையில் நடக்கிறது. முறை எதுவானாலும் அது புள்ளி வைக்கும் வேலைதான். முப்பரிமாணம் தெரியாது, வீடியோவைச் சுருக்கத் தெரியாது, விரிக்கவும் தெரியாது.

2012இல் வந்த விண்டோஸ் 8 இந்தப் புள்ளி வைக்கும் வேலையையே ஒரு முழு டிரைவராகக் கட்டிவைத்தது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று டிவைஸ் மேனேஜரில் தெரியும். உரிய டிரைவர் இல்லையென்றால் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். முப்பரிமாண வேலை கேட்கும் மென்பொருள்களுக்குப் பதில் சொல்ல 'வார்ப்' என்று இன்னொரு ஏற்பாடு உண்டு. விண்டோஸ் 7 காலத்திலேயே வந்தது. கார்டு செய்யவேண்டிய கணக்கை எல்லாம் அது பிராசஸரை வைத்தே போட்டுக் கொடுத்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தில் இதே வேலையை எல்எல்விஎம்பைப் என்பது செய்கிறது. குரோம் உலாவிகூடத் தனக்கென்று ஸ்விஃப்ட்ஷேடர் என்று ஒன்றை வைத்திருக்கிறது.

கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்த தவசிப்பிள்ளை திண்ணையில் உறங்க, வீட்டு ஆச்சியே உலை வைத்துச் சோறு வடித்துப் பந்தியை நடத்திவிடுவது போலத்தான் இது. பத்துப் பேர் பந்தி என்றால் வித்தியாசமே தெரியாது. முந்நூறு பேர் வந்து உட்காரும்போதுதான் அடுக்களை ஆடும்.

முன்பெல்லாம் இந்த மாற்று ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் இருந்தது. படம் 800க்கு 600 அளவில் பூதாகரமாக வரும். ஐகான்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். யூஈஎஃப்ஐ உள்ள கணினியில் அந்த அடையாளமும் போய்விட்டது. பேசிக் டிரைவரிலேயே 1920க்கு 1080 தெளிவாக வந்துவிடலாம். மிஞ்சுகிற அடையாளங்கள் வேறு: லேப்டாப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்யாது, இரண்டாவது மானிட்டரை மாட்டினால் எடுக்காது, ஸ்லீப்பில் போடும் தேர்வே காணாமல் போயிருக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் முதல் சந்தேகம் டிரைவர் மேல் போகவேண்டும். அரசு கொடுத்த பள்ளி லேப்டாப்பைத் தெரிந்த பையனிடம் கொடுத்து 'விண்டோஸ் மாத்தி' வாங்கியவர்களில் பலர், வெளிச்சம் குறைக்க முடியாததைத் திரையின் கோளாறு என்றே நினைத்துக் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

விபத்து எப்படி அமைதியானது

விண்டோஸ் எக்ஸ்பியில் கிராபிக்ஸ் டிரைவரின் பெரும்பகுதி இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடியது. அங்கே அது தடுக்கி விழுந்தால் மொத்தக் கணினியும் விழும். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டா இந்த அமைப்பை மாற்றியது. டிரைவரை இரண்டாகப் பிளந்து, சிக்கலான பகுதியைக் கருவுக்கு வெளியே தள்ளியது. கூடவே ஒரு காவல்காரரையும் நிறுத்தியது: கார்டுக்குக் கொடுத்த வேலை இரண்டு விநாடிக்குள் முடியவில்லை, நகரவும் இல்லை என்றால், விண்டோஸே டிரைவரைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓடவைக்கும். டிடிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

புதிய அமைப்புக்கு டிரைவர் எழுதிய கம்பெனிகள் முதல் வருடம் திணறின. 'விஸ்டா ஓடும்' என்று முத்திரை குத்தி விற்ற கணினிகளைப் பற்றிய 'விஸ்டா கேப்பபிள்' வழக்கில் வெளியே வந்த மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள், 2007இல் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்கள் காரணம் என்று காட்டின. மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்கள் அதற்கு அடுத்த இடத்தில், சுமார் 18 சதவீதம். கிராபிக்ஸ் டிரைவர் என்பது எவ்வளவு பெரிய, எவ்வளவு எளிதில் உடையும் நிரல் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு எல்லாரும் பாடம் படித்தார்கள். டிரைவர் விழும், விண்டோஸ் தூக்கிவிடும், திரை ஒரு கணம் கறுத்து மீளும். விண்டோஸ் 7இல் மூலையில் ஒரு குமிழி வந்து 'டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீண்டது' என்று ஒப்புக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் அந்தக் குமிழியும் இல்லை. பதிவேட்டில் மட்டும் ஒரு வரி ஏறுகிறது. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் விழுந்தால்தான் விண்டோஸ் கைவிட்டு நீலத்திரை காட்டும். பயனருக்கு இது வசதி. கோளாறு தேடுகிறவருக்கு இது திரை போட்டு மறைத்தது மாதிரி ஆகிவிட்டது.

'சரியாக இயங்குகிறது' என்ற வரியை எவ்வளவு நம்பலாம்

விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ். கார்டின் பெயரை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு பெட்டி திறந்து, 'இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது' என்று சொல்லும். கடையில் பலர் இந்த வரியைக் காட்டித்தான் கணினியை ஒப்படைக்கிறார்கள்.

அந்த வரி சொல்வது மிகக் குறைவு. டிரைவர் ஏறியிருக்கிறது, அது இதுவரை எந்தக் கோளாறையும் விண்டோஸிடம் முறையிடவில்லை, அவ்வளவுதான். பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து பார்த்தாலும் இதே வரிதான் இருக்கும். ஆகவே கீழே இருக்கும் வரியைவிட மேலே இருக்கும் பெயர் முக்கியம். அங்கே உங்கள் கார்டின் பெயர், மாடல் எண்ணோடு, இருக்கவேண்டும்.

மஞ்சள் முக்கோணம் விழுந்திருந்தால் அது வேறு கதை. அப்போது பெட்டிக்குள் ஒரு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே போடவில்லை, போட்டால் தீர்ந்தது. 43 என்றால் 'சாதனம் கோளாறு என்று அறிவித்ததால் நிறுத்திவிட்டோம்'. இந்த 43ஐப் பார்த்ததும் டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒரு நாளைக் கழிக்கிறவர்கள் உண்டு. ஒருமுறை சுத்தமாக எடுத்துவிட்டுப் போட்டும் 43 போகவில்லையென்றால், பார்க்கவேண்டியது கார்டையும் அதற்குப் போகும் பவர் வயரையும்தான். கார்டைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய பல்வரிசையை அழிரப்பரால் துடைத்து மறுபடி மாட்டுவது நம் ஊர்க் கடைகளின் பழைய வைத்தியம். உவரி, கூடங்குளம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இருந்து வரும் கணினிகளுக்கு அது பலிக்கவும் செய்யும். வெள்ளத்தில் நனைந்து வெயிலில் காய்ந்த கார்டு என்றால் ரப்பர் உதவாது.

அதே பெட்டியில் டிரைவர் என்ற தாளைத் திறந்தால் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கும். என்விடியா கார்டில் அந்த எண் 32.0.15.6094 என்பது போல நீளமாக இருக்கும். கம்பெனியின் தளத்திலோ 560.94 என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுத்து, மூன்றுக்குப் பிறகு புள்ளி வைத்தால் கம்பெனி எண் வந்துவிடும். இது தெரியாமல் 'என்னுடையது 32, தளத்தில் இருப்பது 560, எவ்வளவு பின்தங்கிவிட்டேன்' என்று பதறவேண்டியதில்லை.

டிஎக்ஸ்டயாக் என்று ஒரு பழைய கருவியும் இருக்கிறது. எக்ஸ்பி காலத்தில் அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்தினால் ஒரு கனசதுரம் திரையில் சுழலும். சுழன்றால் கார்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பின்னாளில் அதை எடுத்துவிட்டார்கள். என் கணக்கில் அது நல்ல சோதனை: வேலை கொடுத்துப் பார்த்தது. இப்போது அந்த வேலையை நாமேதான் கொடுக்கவேண்டும்.

வேலை கொடுத்துப் பார்ப்பது

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே ஜிபியூவுக்கு, அதாவது கிராபிக்ஸ் சில்லுக்கு, தனி இடம் உண்டு. பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் கடைசியாக இருக்கும். அங்கே நான்கு சிறிய வரைபடங்கள்: 3டி, காப்பி, வீடியோ டிகோடு, வீடியோ என்கோடு. வலது கீழ் ஓரத்தில் டிரைவர் பதிப்பும் தேதியும். தனி கார்டாக இருந்து, டிரைவர் ஓரளவு புதிதாகவும் இருந்தால் வெப்பநிலையும் தெரியும். ஜிபியூ என்ற பகுதியே வரவில்லையென்றால், பெரும்பாலும் பேசிக் டிரைவரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைத் திறந்து ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யவேண்டும். யூடியூபில் ஒரு முழு எச்டி வீடியோவை ஓடவிட்டால் டிகோடு வரைபடம் எழும்பவேண்டும். எழும்பாமல் சிபியூ (பிராசஸர்) வரைபடம் ஏறினால் உடனே டிரைவரைக் குறை சொல்லிவிட வேண்டாம். யூடியூப் இப்போது ஏவி1 என்ற சுருக்கமுறையில் நிறைய வீடியோக்களை அனுப்புகிறது. அதை விரிக்கும் சுற்று என்விடியாவில் 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான் இருக்கிறது. பழைய கார்டில் இல்லாத உறுப்பை எந்த டிரைவரும் முளைக்கவைக்க முடியாது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் கணினியின் முதுகைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. வண்ணார்பேட்டையில் ஒரு சிஸ்டம் கடையில் காதில் விழுந்த பேச்சு இது:

"அண்ணாச்சி, இவ்வளவு ரூவா குடுத்து கார்டு போட்டும் பழையபடியேதான் இழுக்கு. நீங்க டிரைவர் போட்டீயளா இல்லையா?"

"மானிட்டர் வயர எங்கன குத்தியிருக்கீய?"

"எப்பவும் குத்துத எடத்துலதான்."

"அதான விசயம். கீழ படுக்கவசமா இருக்குல்லா, அதுல குத்துங்க."

கீபோர்டும் மவுஸும் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக இருப்பது மதர்போர்டின் எச்டிஎம்ஐ. அதற்குக் கீழே படுக்கைவசத்தில் இருப்பது கார்டினுடையது. மேலே மாட்டியிருந்தால் திரையை நடத்துவது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ். டிரைவர் சரி, கார்டு சரி, வயர் மட்டும் வேறு வாசலில்.

லேப்டாப்பில் இதன் தலைகீழ் நடக்கும். இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில், டாஸ்க் மேனேஜர் என்விடியாவை 0 சதவீதம் என்று காட்டினால் பதறவேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த, சின்ன வேலைகளை இன்டெலே பார்த்துக்கொண்டு பெரியதை உறங்கவிடும்படிதான் 2010இலிருந்து வடிவமைத்திருக்கிறார்கள். எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் வேலையைக் கொடுத்த பிறகும் 0 என்றால்தான் விசாரிக்கவேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, அதில் கிராபிக்ஸ் என்ற பகுதியில் அந்த மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று குறித்துக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். அப்போதும் 3டி வரைபடம் தரையில் கிடக்கலாம். ரெண்டரிங் கணக்கு, என்விடியா கார்டில் கணக்குப் போடவைக்கும் கியூடா என்ற முறை வழியாகப் போகிறது என்றால் அது வேறு வரைபடம். 3டி என்ற எழுத்துக்குப் பக்கத்து அம்பைத் தட்டி கியூடாவையோ கம்ப்யூட்டையோ தேர்ந்தெடுத்துப் பார்க்கவேண்டும்.

இனி நேரலைக்காரருக்கு வரலாம். நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ஸ்டேட்ஸ் என்று ஒரு சாளரம் இருக்கிறது. கொடைக்கு லைவ் போடும் எல்லாரும் அதைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பேன். அதில் மூன்று வரிகள். நெட்டில் தவறிய ஃபிரேம்கள் என்பது ஒன்று. அது ஏறினால் சிக்னல்தான் குற்றவாளி, மாடிக்கு ஓடலாம். என்கோடிங் தாமதத்தால் விடுபட்ட ஃபிரேம்கள் என்பது இரண்டாவது. அது ஏறினால் படத்தைச் சுருக்கும் வேலை தாங்கவில்லை. ரெண்டரிங் தாமதத்தால் தவறியவை என்பது மூன்றாவது. அது ஏறினால் கார்டின் மேல் பாரம் கூடிவிட்டது. மாடிக்கு ஓடும் முன் இந்த மூன்று எண்ணையும் ஒரு பார்வை பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இரண்டாவது எண் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் அமைப்பில் என்கோடர் எது என்று பார்க்கவேண்டும். எக்ஸ்264 என்றிருந்தால் சுருக்குவது பிராசஸர். என்வென்க் என்றிருந்தால் கார்டு. என்விடியா இந்தத் தனிச் சுற்றை 2012இல் ஜிடிஎக்ஸ் 600 வரிசையில் கொண்டுவந்தது. இன்டெல் அதற்கு ஒரு வருடம் முன்பே குவிக் சிங்க் என்ற பெயரில் கொடுத்திருந்தது. பட்டியலில் என்வென்க் இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். டிரைவர் பழையதாகவோ அரைகுறையாகவோ இருக்கலாம். ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகள் குறிப்பிட்ட அளவு புதிய டிரைவரை எதிர்பார்க்கின்றன. அல்லது கார்டிலேயே அந்தச் சுற்று இல்லாமல் இருக்கலாம். விலை மலிவு என்று நம் பக்கம் நிறைய விற்ற ஜிடி 1030 கார்டில் என்வென்க் கிடையாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பயனும் இல்லை. கடைக்காரர் விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல்யாண ஆல்பம், வீடியோ என்று பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இருக்கும் ஸ்டூடியோக்களுக்கு இதே கேள்வி வேறு உருவில் வரும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் புராஜெக்ட் செட்டிங்ஸைத் திறந்தால் மெர்க்குரி பிளேபேக் எஞ்சின் என்ற வரிக்குப் பக்கத்தில் 'ஜிபியூ' என்று இருக்கிறதா, 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்று இருக்கிறதா? இரண்டாவது மட்டும் இருந்து முதலாவது தேர்ந்தெடுக்கவே வராவிட்டால், டிரைவரை அந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருள் இந்த விஷயத்தில் முகத்துக்கு நேரே பேசும். கார்டு சரிப்படாவிட்டால் திறக்கும்போதே சொல்லிவிடும்.

கோளாறு டிரைவரிலா, கரண்டிலா

எப்போதாவது ஒருமுறை மட்டும் வரும் கோளாறுதான் தலைவலி. திரை கறுத்து மீண்டது, அல்லது கணினியே அணைந்து ஏற்றியது. இதில் டிரைவரின் பங்கு எவ்வளவு என்று தெரிய, விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேடே போதும்.

ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். நிகழ்வு எண் 4101, மூலம் டிஸ்ப்ளே என்று இருந்தால், மேலே சொன்ன காவல்காரர் டிரைவரைத் தூக்கிவிட்டிருக்கிறார். எண் 41, மூலம் கெர்னல் பவர் என்றால், கணினி முறையாக மூடாமல் பொட்டென்று நின்றிருக்கிறது. 41 மட்டும் இருந்து 4101 எங்குமே இல்லையென்றால், நான் முதலில் டிரைவரைத் தொடமாட்டேன். பவர் சப்ளையையும் யூபிஎஸ்ஸையும் வீட்டுக்கு வரும் வோல்டேஜையும் பார்ப்பேன். கொடை வீட்டில் ஜெனரேட்டரில் ஒலிபெருக்கியும் சீரியல் லைட்டும் ஓடும் அதே இணைப்பில் கணினியையும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஈவன்ட் வியூவரைப் பார்த்தாலே மிரள்கிறவர்களுக்கு ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று உண்டு. நாள்வாரியாகக் கட்டம் போட்டு, கோளாறு வந்த நாளில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கும். அதில் லைவ் கெர்னல் ஈவன்ட், குறி 141 என்று திரும்பத் திரும்ப வந்தால் கார்டுதான் பதில் சொல்லாமல் நிற்கிறது. டிரைவரை ஒருமுறை சுத்தமாக மாற்றிப்போட்டும் தொடர்ந்தால் கார்டின் வெப்பம், பவர், ஆயுசு என்று போகவேண்டும்.

வெப்பம் நம் ஊரில் லேசான விஷயமில்லை. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், விசிறியில் ஒட்டடை படிந்த கார்டு காலையில் ஒழுங்காகவும் மதியம் இரண்டு மணிக்கு மேல் முரண்டாகவும் நடக்கும். நேரத்தைப் பொறுத்து வரும் கோளாறு டிரைவர் கோளாறாக இருப்பது அபூர்வம். ஃபர்மார்க் போன்ற அழுத்தச் சோதனைகளை இணையத்தில் பரிந்துரைப்பார்கள். தூசி தட்டாத பழைய கார்டை வைத்து மே மாத மதியத்தில் அதை ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிட வீடியோ ஒன்றை ரெண்டர் கொடுத்து, வெப்பநிலை எங்கே போய் நிலைக்கிறது என்று பார்ப்பது போதும்.

லினக்ஸ் வைத்திருக்கும் மாணவர்களுக்கு

2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்ததால், லினக்ஸ் என்ற பெயர் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இப்போது பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, என்விடியா கார்டில் ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கையொப்பமில்லாத நிரலை ஏறவிடாத செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். கணினி மறுபடி எழும்பும்போது நீலநிறத்தில் ஒரு திரை வந்து, சாவியைப் பதிவு செய்யலாமா என்று கேட்கும். ஏதோ பிழை என்று நினைத்து 'தொடர்' என்று தட்டிவிட்டால் கதை முடிந்தது: டிரைவர் வட்டில் இருக்கும், கருவுக்குள் ஏறாது. அதன்பின் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தால் 'டிரைவரோடு பேச முடியவில்லை' என்று கைவிரிக்கும். டிரைவரை எத்தனை முறை போட்டாலும், அந்த நீலத்திரையில் பதிவு செய்யாதவரை பலன் இல்லை.

அந்தக் கட்டளை ஒழுங்காக ஓடினால் ஒரு அட்டவணை வரும். அதன் மேல் வரியில் இருக்கும் கியூடா பதிப்பு, கணினியில் போட்டிருக்கும் பதிப்பு என்று நினைக்கக் கூடாது. இந்த டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்பதே அது. ஏஐ வேலைக்கான நூலகமான பைடார்ச் 'கியூடா இல்லை' என்று சொல்லும்போது டிரைவரைத் திட்டுகிறவர்கள், பிராசஸருக்கு மட்டும் கட்டிய பைடார்ச்சை இறக்கியிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பது உத்தமம். அப்டேட் போட்ட கையோடு 'டிரைவருக்கும் நூலகத்துக்கும் பதிப்பு பொருந்தவில்லை' என்று வந்தால், கணினியை அணைத்து ஏற்றினால் சரியாகிவிடும். சாதாரணத் திரை வேலைக்கு, ரெண்டரர் பெயரைக் கேட்டுப் பார்த்து எல்எல்விஎம்பைப் என்று வந்தால் கார்டு உறங்குகிறது என்று பொருள்.

புதுப்பிக்கலாமா, வேண்டாமா

டிரைவர் சரியாக ஓடுகிறது, செய்கிற வேலைக்குக் குறை இல்லை என்றால், சீசன் நடுவில் அதைப் புதுப்பிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்ற டிரைவரை வெளியிட்டு, கார்டின் விசிறியை ஒழுங்காகச் சுற்றவைக்காமல் சூடேற்றுகிறது என்று புகார் வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வளவு மோசமானது அபூர்வம்தான், ஆனாலும் நாளை கொடை என்றால் இன்றைக்குப் பரீட்சை வேண்டாம். எடிட்டிங் மட்டும் செய்கிறவர்களுக்கு 2019இலிருந்து ஸ்டூடியோ டிரைவர் என்று தனியாகவே கொடுக்கிறார்கள். விளையாட்டுக்காரர்களுக்கான கேம் ரெடியைவிட நிதானமாக வரும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், புதிய டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ என்ற கருவியால் பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் போடுவது நல்லது. நெட்டைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் எடுப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் கையிருப்பில் உள்ள ஒரு பழைய பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிடும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கமே போகவேண்டாம்.

பழைய கார்டு வாங்கும்போது

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து நாணயம் எடுக்கும் தொழில் அதில் படுத்தது. அந்தக் கார்டுகள் சென்னை ரிச்சி தெருவுக்கும் அங்கிருந்து நம் ஊர் வரைக்கும் மலிவாக வந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 470, 580 மாதிரிக் கார்டுகளில் நாணயம் எடுப்பதற்காகவே உள்நிரலை மாற்றி எழுதியிருப்பார்கள். படம் வரும். ஏஎம்டி டிரைவரைப் போட்டால் ஏறாது. 43 என்றோ, டிரைவரைத் திருத்திப் போட்டுச் சமாளித்திருந்தால் கையொப்பம் சரியில்லை என்று சொல்லும் 52 என்றோ வரும். உண்மையான உள்நிரலைத் திரும்ப எழுதினால் பிழைத்துக்கொள்ளும்.

அதைவிட மோசம் பெயர் மாற்றிய கார்டு. 2010 வாக்கில் வந்த பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளுக்கு 1050 டிஐ என்று பெயர் எழுதி விற்கும் வேலை உண்டு. டிவைஸ் மேனேஜரும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியூ-இசட் என்ற சிறிய இலவசக் கருவி 2018இலிருந்து இதைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று போட்டுவிடுகிறது. பென்டிரைவில் அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போய், காசு கொடுக்கும் முன்பே ஓட்டிப் பார்க்கலாம். முகம் சுளிக்கும் கடையில் வாங்கவேண்டியதில்லை.

பெயர் உண்மையாக இருந்தும் ஏமாறக்கூடிய கார்டு ஜிடி 730. ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சில்லுகளில் அது வந்தது. அட்டைப்பெட்டியில் 128 பிட் என்று இருந்தால் உள்ளே இருப்பது பழைய ஃபெர்மி. 64 பிட் என்றால் அதற்கு அடுத்த தலைமுறையான கெப்லர். பெரிய எண் இருப்பதே நல்லது என்று எடுத்துவிட்டால், 2018 ஏப்ரலோடு ஃபெர்மிக்கு என்விடியா புது டிரைவர் நிறுத்திவிட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். 391.35க்கு மேல் எதைப் போட்டாலும் 'பொருத்தமான கார்டு இல்லை' என்று நிறுவும் நிரலே நின்றுவிடும். 64 பிட் கார்டுக்கு 470 வரிசை வரை போகும்.